ரஞ்சியைக் கதைக்க விடுங்கோ

1

போன கிழமை கொக்குவிலிலிருந்து என் ஒன்றுவிட்ட அண்ணன் தொலைபேசி எடுத்தார். ஊரில் மழை, பெரியம்மாவின் கண் சத்திரசிகிச்சை, தேங்காய் விலை எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டார்.

"சனாதிபதித் தேர்தல் முடிஞ்சு வருசமாகுது. நீ அப்ப ஆருக்குப் போட்டனி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணை, நான் மலாக்காவிலயெல்லோ இருக்கிறன். அங்க எனக்கு வாக்கில்லை."

"ஓ, மறந்து போனன். அப்ப அங்கத்தை வாக்கு இருக்கும்தானே?"

"இஞ்சயும் இல்லை."

பிறகு ஆறுதல் சொல்வது போல, "அப்ப உனக்கு ஒரு தலையிடியும் இல்லை" என்றார்.

ஒரு வாக்கும் இல்லாத நான் அந்தத் தேர்தலில் எதை இழந்தேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் சொல்லக்கூடியதும் அல்ல. ஊரில் இருக்கிற உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் கலியாணம் கட்டி வந்தவள். என் கணவரின் பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதுவினைஞராக வந்து இங்கேயே தங்கிவிட்டார். ஆகவே இவர் மலாக்காவில் பிறந்தவர். யாழ்ப்பாணம் இவருக்கு ஒரு பழைய புகைப்படம். எனக்கு நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது அந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "நெகாரா அசால்?" பிறந்த நாடு எது என்பது கேள்வி. பதற்றத்தில் "யாழ்ப்பாணம்" என்று சொல்லிவிட்டேன். "அது ஒரு நாடா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன், பிறகு "இல்லை" என்றேன், பிறகு எதைச் சொன்னால் சரி என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

வீடு பாச்சாங்கில். பக்கத்துக் கடைவரிசையில் ஒரு டியூஷன் நிலையத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். பகலில் மலாயும் ஆங்கிலமும். வீட்டில் இவரோடு இங்கத்தைத் தமிழ். வந்த புதிதில், காய்கறிக் கடை வைத்திருக்கிற சரசு அக்காவிடம், "உங்கட பெட்டை எங்க, பள்ளிக்கூடம் போட்டாளோ?" என்று அன்பாகக் கேட்டேன். அவவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன டீச்சர், நாயா லா எம்பொண்ணு?" என்றா. அன்றிலிருந்து வாயைத் திறக்குமுன் ஒவ்வொரு சொல்லையும் உள்ளே ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வேன். பழகிவிட்டது. ஆனால் களைப்பு.

2

அப்படித் திருப்பிப் பார்க்காமல் நான் கதைத்தது ஒரேயொரு ஆளோடு. ரஞ்சிதமலர். ரஞ்சி.

பருத்தித்துறைக்காரி. புலாவ் செபாங்கில் இருக்கிறாள். ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு வீடு; பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் தாதி வேலை. கணவருக்கு ஜோகூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். கோயில் அன்னதானத்தில் எனக்குப் பக்கத்து இடத்தைக் காட்டி, "இதில இரும்" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. "இரும்." அவ்வளவுதான். நீ என்றும் இல்லாமல் நீங்கள் என்றும் இல்லாமல், நீர் என்று கூப்பிட இந்த மாநிலத்தில் எனக்கு அதுவரை ஒருவரும் இருக்கவில்லை.

பின்னேர வகுப்புக்கு முதல் தினமும் தொலைபேசியில் கதைப்போம். தேர்தல் அறிவித்த பிறகு அது தினமும் சண்டையானது. தமிழருக்கென்று ஒரு பொது வேட்பாளரை நிறுத்தியிருந்தார்களே, நான் அவர் பக்கம். ரஞ்சி, தெற்கில் மாற்றம் கொண்டுவருவேன் என்று நின்றவர் பக்கம்.

"அவர் வெல்ல மாட்டார் எண்டு எனக்கும் தெரியும்," என்பேன். "ஆனா எங்கட சனம் எங்கட ஆளுக்குப் போட்டா உலகம் பாக்கும்."

"உலகம் அப்பவும் பாத்துக்கொண்டுதானே இருந்தது," என்பாள். "இனியாவது பெடியளுக்கு ஒரு வேலை, ஒரு வாழ்க்கை வரட்டும். நீர் இன்னும் எத்தினை வருசத்துக்கு உலகத்துக்குக் காட்டப் போறீர்?"

"நீர் சிங்களவனை நம்புறீரோ?"

"நான் ஒருத்தரையும் நம்பேல்லை. எனக்கு அலுத்துப் போச்சு."

கோபத்தில் வைத்துவிடுவோம். அடுத்த நாள் அதே நேரம் திரும்ப எடுப்போம். இவர் அடுத்த அறையிலிருந்து, "வாக்கில்லாத ரெண்டு பேருக்கு என்னா சண்டை!" என்று சிரிப்பார். கடல் தாண்டியிருக்கிற ஒரு நாட்டை இரண்டு பெண்கள் தொலைபேசியில் அரைக்கு அரை பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் நான் முழு ஆளாக இருந்தேன்.

ரஞ்சியின் தம்பி கண்ணன் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். அது எனக்குத் தெரியும். அவளுடைய அக்கா கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் தெருவோரத்தில் நீதி கேட்டுப் போட்டிருக்கிற கொட்டிலில், தம்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பா. அதற்குமேல் நான் கேட்டதில்லை. எங்கள் ஊர் ஆட்களுக்குத் தெரியும்: அதைக் கேட்கிறதில்லை. சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள்.

3

தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. எங்கள் இலங்கைத் தமிழர் சங்கத்தின் மாதாந்த மதிய உணவு, மலாக்கா நகரத்து மண்டபத்தில். சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் ஊர்த் தேர்தலைப் பற்றிக் கதைக்கலாம் என்று சங்கத் தலைவர் குலசேகரம் அங்கிள் ஒத்துக்கொண்டிருந்தார். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், இங்கேயே பிறந்தவர், யாருக்கும் மனம் நோகக்கூடாது என்று பார்க்கிற மனிதர். கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் மகள் ஷாமினியும் விடுமுறையில் வந்திருந்தாள். சாப்பாட்டுக்காகத்தான் வந்தாள்.

முதலில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிற செந்தூரன் என்ற இளைஞன் பொது வேட்பாளருக்காகப் பேசினான். நன்றாகப் பேசினான். "காணாமல் போன எங்கட பிள்ளையளுக்காக ஒரு வாக்கு" என்று முடித்தான். நான் கை தட்டினேன்.

ரஞ்சி எழும்பி ஒலிவாங்கியை வாங்கினாள்.

"தம்பி, நீர் ஆருக்கும் வாக்குக் கேளும். ஆனா காணாமல் போன பிள்ளையளின்ர படத்தைத் தூக்கி வைச்சுக் கேக்காதேயும்" என்றாள்.

மண்டபத்தின் ஒரு பக்கம் பொங்கிவிட்டது. "இருங்கோ, இருங்கோ!" "ஆரின்ர ஆள் நீங்கள்?" பின்னால் ஒருவர் "துரோகி" என்றார், மெதுவாக இல்லை. இன்னொருவர் எழும்பிக் கையை நீட்டி, "உங்கட வீட்டில போராட்டத்துக்கு ஆரைக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

ரஞ்சியின் முகம் வெளிறியது. ஒலிவாங்கியைக் கீழே இறக்கினாள். கதிரையில் இருக்கப் போனாள். குலசேகரம் அங்கிள் ஓடி வந்தார்.

"போதும், போதும். இங்க பாலிடிக்ஸ் வேணாம் லா. இதுக்கெல்லாம் நம்மகிட்ட பெர்மிட் இல்ல. யாராச்சும் போலிஸ் ரிப்போட் போட்டா நான்தான் பதில் சொல்லணும். வாங்க, மக்கான், மக்கான், சாப்பாடு ஆறுது."

எப்படி எழும்பினேன் என்று தெரியாது.

"அவாவைக் கதைக்க விடுங்கோ!" என்று கத்தினேன். "அவா சொல்லுறது எனக்கும் பிடிக்கேல்லை. நான் மற்றப் பக்கம். ஆனா அவா சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும்!"

பின்வரிசையில் இங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். கதைக்கிறது என்றால் அவர்களுக்குக் கதை விடுகிறது. இவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். ஆனால் கத்தியவர்கள் அடங்கிவிட்டார்கள். தங்கள் பக்கத்து ஆளே எதிராகக் கத்துவாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் ரஞ்சியைப் பார்த்தார்கள். அரைவாசி இருந்தவள் திரும்ப நிமிர்ந்தாள்.

"ஆரைக் குடுத்தனீங்கள் எண்டு கேட்டியள்" என்றாள். "என்ர தம்பியை. கண்ணன். அவன் காணாமல் போகேல்லை. செத்திட்டான். எனக்குத் தெரியும். செத்த பிள்ளையின்ர படத்தை வைச்சு ஆரும் வாக்குக் கேக்காதேங்கோ."

இருந்துவிட்டாள். சாப்பிடும்போது அவளுடைய மேசைக்கு நான் மட்டும்தான் போனேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தியவர்கள்மேல் கோபம் என்று நினைத்தேன்.

4

இரண்டு நாள் கழித்து ரஞ்சி எடுத்தாள். வழமையான நேரம் இல்லை, நான் வகுப்பில் நின்றேன். வெளியே வந்து பேசினேன்.

"அக்கா பாத்திட்டா" என்றாள்.

"எதை?"

"வீடியோவை. கொட்டிலில நிண்ட ஆரோ காட்டியிருக்கினம். உம்மட மகளின்ர போனில இருந்துதான் போயிருக்கு."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போய் ஷாமினியைக் கேட்டேன். அவள் கட்டிலில் இருந்து எழும்பி நின்றுவிட்டாள்.

"அம்மா, நா உங்கள தாம்மா ரெக்கார்ட் பண்ணேன். நீங்க அப்படி எழுந்து நின்னு பேசி நா பாத்ததே இல்ல. ஐ வாஸ் சோ பிரவுட். அதான் போட்டேன்."

"ரஞ்சி அன்ரி கதைச்சதையும் சேத்துப் போட்டிருக்கிறாய்."

"அது சும்மா பின்னாடி வந்துச்சு. ஆண்ட்டி என்ன சொன்னாங்கன்னே எனக்கு வெளங்கல, அவங்க தமிழ் ரொம்ப ஃபாஸ்ட் லா. என்ன சொன்னாங்க?"

சொன்னேன். அவள் போனை எடுத்து உடனே அழித்தாள். அழிப்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அது எப்பவோ ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ நான் கத்திய பகுதியை வெட்டிவிட்டு ரஞ்சியின் முகத்தை மட்டும் வைத்திருந்தார்கள். நான் ஆதரித்தவரின் ஆட்கள் அதற்கு மேல் "துரோகி" என்று எழுதியிருந்தார்கள். அவள் ஆதரித்தவரின் ஆட்கள், "குடும்பமே ஒத்துக்கொண்டுவிட்டது, இனி எதற்குத் தெருவில் கொட்டில்?" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பக்கமும் அதே துண்டைத்தான் பரப்பியது.

இரவு சாப்பாட்டு மேசையில் இவர், "நல்ல வேளை, ஒன் மூஞ்சி அதுல இல்ல. ஒன் சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் இன்னும் அங்கதான் இருக்கு" என்றார். என்னைக் காப்பாற்றுகிற எண்ணத்தில்தான் சொன்னார். நான் எழும்பி நின்றதற்கு எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் நானே ரஞ்சிக்கு எடுத்தேன். மகளுக்காக மன்னிப்புக் கேட்டேன்.

"பிள்ளையில பிழையில்லை" என்றாள். "நான் இருக்கத்தானே போனனான். நீர் ஏன் எழும்பினனீர்?"

"உம்மை அத்தினை பேர் கத்தி அமத்தேக்க, நான் பாத்துக்கொண்டு இருக்கிறதே?"

"அமத்தியிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் தூக்கவில்லை.

5

தேர்தல் முடிந்தது. அவள் சொன்னவர் வென்றார், நான் சொன்னவர் தோற்றார். முடிவு வந்த நாள் முழுக்க போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஒரு நக்கல் வரும் என்று. "இப்ப என்ன சொல்லுறீர்?" என்று கேட்பாள் என்று. வரவில்லை.

தனிமை எப்படி வந்தது என்று சொன்னால் ஊரில் இருக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வீட்டில் கணவர் இருக்கிறார். தெரு நிறையத் தெரிந்த முகங்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்கிறார்கள். ஆனால் பின்னேரம் மூன்று மணிக்கு என் வாய் சும்மா இருந்தது. ஒருநாள் குளிக்கும்போது "இஞ்ச பாரும், ரஞ்சி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். இவர் வெளியே நின்று "யாருகிட்ட பேசுற?" என்றார். தண்ணீர்ச் சத்தம் என்றேன்.

ஷாமினி பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டாள். ரஞ்சிக்கு அவள் ஆங்கில எழுத்தில் தமிழில் ஒரு மன்னிப்பு அனுப்பினாளாம். "பரவாயில்லை பிள்ளை, நல்லாப் படியுங்கோ" என்று பதில் வந்திருந்தது. அதை எனக்கு அனுப்பினாள். அந்தப் பதிலை நான் பலமுறை வாசித்தேன், எனக்கு வந்ததைப் போல. அதன்பிறகு ஷாமினி வீட்டுக்கு எடுத்தால் ஊரைப் பற்றிய கதையே எடுப்பதில்லை. முன்பும் குறைவுதான். இப்போது தொட்டால் சுடும் என்பது போல அந்தப் பக்கமே வருவதில்லை. என் ஊர் உலகத்துக்குள் அவள் ஆசையாக வைத்த முதல் அடி அந்த வீடியோ. அதுவும் இப்படியானது.

சரசு அக்காதான் ஒருநாள் கீரையைக் கட்டிக்கொண்டே கேட்டா. அவ ரெம்பியாப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவ.

"என்ன டீச்சர், ஒங்க புலாவ் செபாங் கூட்டாளியக் காணோம்? சண்டையா?"

"ஊர்த் தேர்தலால வந்தது, அக்கா."

"ஐயோ, அதுக்கா! எங்க வீட்டுல எலெக்‌ஷன் வந்தா நா ஒரு கட்சி, எங்க வீட்டுக்காரு ஒரு கட்சி. கத்துவோம். அப்புறம் ஒரே மோட்டார்சைக்கிள்ல போயி ஓட்டு போட்டுட்டு, ரொட்டி சானாய் சாப்பிட்டு வருவோம் லா."

சிரித்தேன். அவ சொன்னது சரிதான். ஆனால் அவர்களுடைய சண்டையில் அவர்கள் வீட்டில் ஒருவரும் செத்திருக்கவில்லை.

நான் செய்தது பிழையா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். திரும்பவும் ஒரு மண்டபத்தில் ஒரு பெண்ணை அப்படிக் கத்தி இருத்தினால் நான் எழும்பத்தான் செய்வேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயத்தால் ரஞ்சியின் அக்காவுக்கோ ரஞ்சிக்கோ ஒரு பிரயோசனமும் இல்லை என்பதும் தெரிந்தது.

6

பள்ளி விடுமுறை தொடங்கியிருந்த நேரம். ரஞ்சியின் பெயர் போனில் வந்தது. சுகம் விசாரிக்கவில்லை.

"நாளைக்கு ஒருக்கா வரேலுமோ?"

அலோர் காஜா வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் செம்பனை. என்ன கேட்கப் போகிறாள், என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் அவளைக் கண்டதும் எல்லாம் மறந்துவிட்டது. மெலிந்திருந்தாள்.

குசினி மேசையில் தேத்தண்ணி வைத்தாள். தானும் எதிரில் இருந்தாள்.

"நேற்று அக்கா எடுத்தவா" என்றாள். "இவ்வளவு மாசத்துக்குப் பிறகு. ஒண்டே ஒண்டுதான் கேட்டவா. 'அவனை எங்க தாட்டவை?' எண்டு. நான் பேசாமல் இருந்தன். 'யோசிச்சுச் சொல்லு' எண்டிட்டு வைச்சிட்டா."

"உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

இந்தமுறை நான் கேட்டேன். "எப்பிடித் தெரியும், ரஞ்சி?"

அவள் சொன்னாள். பல வருடங்களுக்கு முன், வேறொரு நாட்டுக்குப் போகிற வழியில் கோலாலம்பூரில் தங்கியிருந்த ஒரு பெடியன் விசாரித்து விசாரித்து அவளைத் தேடி வந்திருக்கிறான். கண்ணனோடு கடைசிவரை நின்றவன். எறிகணை விழுந்து கண்ணன் செத்ததும், அவன் உடுத்திருந்த சாரத்தாலேயே அவனைச் சுற்றி, இன்னொருவனோடு சேர்ந்து கடலேரிக் கரையில் புதைத்தவன் இந்தப் பெடியன்தான். அந்த இடத்துக்குப் போகிற வழியையும் சொல்லி, தன் பெயரை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

"அம்மா இருக்குமட்டும் சொல்லேலாமல் இருந்தது. அம்மா போன பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன். அதுக்குள்ள அக்கா கொட்டிலுக்குப் போகத் தொடங்கிட்டா. அங்க போற நாளில அவாவுக்கு ஒரு உசார். சாப்பிடுவா, மற்றப் பொம்பிளையளோட சிரிப்பா. அதைப் பாத்த பிறகு எப்பிடிச் சொல்லுறது?" தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "அண்டைக்கு அந்த மனுசன் ஆரைக் குடுத்தனீங்கள் எண்டு கேட்டவுடன வாய்க்குள்ள வந்திட்டுது. விழுங்கிக்கொண்டு இருக்கத்தான் போனனான்."

கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லும். அக்காவுக்கு நான் என்ன சொல்ல? தெரியாது எண்டு சொல்லவோ? நீர்தானே கதைக்க விடச் சொன்னனீர்."

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் எழும்பி நின்று கத்தியவள் நான்.

"எனக்குத் தெரியேல்லை, ரஞ்சி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு போனை எடுத்தாள். நான் எழும்பினேன்.

"இரும். போகாதேயும்."

"வெளியிலதான் இருப்பன். இது உங்கட வீட்டுக் கதை" என்றேன்.

முன்பக்கம் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. அதில் இருந்தேன். எதிர்வீட்டு மலாய்ப் பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு, "சுடா மக்கான்?" என்று கேட்டா. சாப்பிட்டாச்சு என்று தலையாட்டினேன். ரயில் ஒன்று நிலையத்துக்குள் வந்து நின்றுவிட்டுப் போயிற்று.

உள்ளே ரஞ்சியின் குரல் கேட்கத் தொடங்கியது. சொற்கள் எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் நான் முயலவில்லை. இடையில் குரல் நின்றது, வெகுநேரம். வைத்துவிட்டாளாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடித் தட்டுகளுக்கு ஊடாக அவள் தெரிந்தாள். போன் காதில்தான் இருந்தது. முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. மற்றக் கையால் காற்றில், இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம், இனி நேராக என்று, காண முடியாத ஒருத்திக்கு மெதுவாக வழி காட்டிக்கொண்டிருந்தாள்.